வாங்கியது யாருக்குச் சொந்தம்?

கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை மூடப்பட்டால், அங்கே நாம் வாங்கிய குத்துவிளக்கு வீட்டில் எரியாமற் போவதில்லை. கடைக்காரர் ஊரைவிட்டே போய்விட்டாலும் விளக்கு நம்முடையதே. விலையைக் கொடுத்தோம், பொருளைப் பெற்றோம் என்னும் இந்த எளிய கணக்கின்மீதுதான் வாணிகம் காலங்காலமாக நடந்துவருகிறது. ஆனால் இணையத்தின் வழி நடைபெறும் புதுமுறை வாணிகத்தில், கடை மூடும்போது வாங்கிய பொருளும் மறைந்துவிடக்கூடும். மேலைநாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை நமக்கு நன்கு விளக்கும்.

கூகுள் நிறுவனம் 2019 நவம்பர் 19ஆம் நாள் ‘ஸ்டேடியா’ என்னும் விளையாட்டுச் சேவையை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் முதலிய 14 நாடுகளில் தொடங்கிற்று. நம் நாட்டிற்கு அது வரவில்லை. அதன் விளையாட்டுகள் விளையாடுவோரின் வீட்டுக் கருவியில் இயங்குவன அல்ல. தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிகளிலே இயங்கி, இணையத்தின் வழியே படமாக மட்டும் திரைக்கு வருவன. மாதச் சந்தா 9.99 டாலர். சந்தாவில் அடங்காத விளையாட்டுகளைத் தனித்தனியே விலைக்கு வாங்க வேண்டும். ஒரு புதிய விளையாட்டின் விலை 60 டாலர் வரை இருந்தது. இவ்வளவு கொடுத்தும் வாங்கியவர் கையில் ஒரு தகடுகூட இராது.

2022 ஜூலை இறுதியில், இச்சேவை நிறுத்தப்படுமோ என்ற வதந்தி எழுந்தபோது, அவ்வாறு இல்லை என்று நிறுவனத்தின் தரப்பிலிருந்தே மறுப்பு வந்தது. சரியாக இரண்டு திங்கள் கழித்து, செப்டம்பர் 29ஆம் நாள், சேவை மூடப்படும் என்ற அறிவிப்பு வெளியாயிற்று. ஸ்டேடியாவுக்காக விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருந்தோரிற் பலர்கூடச் செய்திகளைப் பார்த்தே இதனை அறிந்தனர். 2023 ஜனவரி 18ஆம் நாள் கதவு அடைபட்டது.

வாங்கியோர் இதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர்? ஒரு சாரார் சினங்கொண்டனர். இரண்டு திங்களுக்கு முன் தந்த உறுதிமொழி என்னவாயிற்று என்று கேட்டனர். மற்றொரு சாரார் நன்றி கூறினர். ஏனெனில், தன் கடைகளில் வாங்கப்பட்ட கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய பணத்தை நிறுவனம் திருப்பித் தந்தது. சந்தாத் தொகை மட்டும் திரும்பவில்லை. ஸ்டேடியாவின் கைக்கருவி வீணாகாமல், மற்றக் கணினிகளோடும் இணைத்துப் பயன்படுத்த வழியும் செய்து தரப்பட்டது.

எனினும், பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பும் இருந்தது. ஒருவர் ஒரே விளையாட்டில் ஏறத்தாழ 6,000 மணி நேரம் செலவிட்டிருந்தார். தாம் அடைந்த நிலையை வேறு கருவிக்கு மாற்றித் தருமாறு அவர் அவ்விளையாட்டைப் படைத்த நிறுவனத்திடம் வேண்டினார். விளையாட்டில் இத்தனை மணி நேரமா என்று நாம் வியக்கலாம். அவ்வியப்பில் நியாயமும் உண்டு. ஆயினும் நண்பர்களோடு கூடிக் கழித்த மாலைப்பொழுதுகளும் அதில் அடங்கும் அன்றோ?

வாங்கியோரின் குரல் பயனற்றுப் போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. சோனி நிறுவனம் 2021 மார்ச் இறுதியில், பிளேஸ்டேஷன் 3, வீட்டா ஆகிய பழைய கருவிகளுக்கான இணையக் கடைகளைச் சில திங்களில் மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பு பெருகவே, ஏப்ரல் 19ஆம் நாள் அதன் விளையாட்டுப் பிரிவுத் தலைவர் ஜிம் ரயன் தாங்கள் எடுத்த முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அவ்விரு கடைகளும் தொடரும் என்றார். கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமோ, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விற்கும் நிறுவனங்கள், அவ்வுண்மையைத் தெளிவாகக் கூறாமல் ‘வாங்குக’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டுகளைச் செயலிழக்கச் செய்யலாகாது என்று கோரும் மனுவில் 2025க்குள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

இதனை வெறும் விளையாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட இயலாது. ஏழாம் கட்டளை திருட்டை விலக்குவதோடு நின்றுவிடவில்லை. நேர்மையாகச் செய்த ஒப்பந்தத்தைக் காப்பதும் அக்கட்டளையின் கடமையே எனத் திருச்சபை கற்பிக்கிறது. இழப்பு விளைவித்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்பதைச் சக்கேயுவின் வரலாற்றிலிருந்து நம் சிறுவர்களும் அறிவர். விற்பவர் விலையை மட்டுமன்றி, எதனை விற்கிறார் என்பதையும் மறைக்காமற் சொல்வதே நேர்மை.

நம் இல்லங்களிலும் பிள்ளைகள் கைப்பேசியின் வழியே விளையாட்டுகளையும், அவற்றில் வரும் ஆடை அணிகளையும் பணம் கொடுத்துப் பெறுகின்றனர். பெற்றோரே, பணம் கொடுக்குமுன் பிள்ளையோடு அமர்ந்து சில வினாக்களைக் கேளுங்கள். இது நமக்குச் சொந்தமாகுமா, அல்லது வாடகையா? இணையம் இல்லாமல் இது இயங்குமா? நிறுவனம் மூடினால் பணம் திரும்புமா? விடை தெரியாவிடில், இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டுமே செலவிடுவது அறிவுடைமை. இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். என்றேனும் பிள்ளை தன் விளையாட்டை இழந்து அழ நேர்ந்தால், எள்ளி நகையாடாதீர்கள். அதன் துயரத்தைக் கேட்டறிந்த பின் சொல்லும் அறிவுரையே உள்ளத்தில் தங்கும்.

பூச்சியும் துருவும் அழிக்கும் செல்வத்தைப் பற்றி நம் ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்தார். தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தின் ஒரே அறிவிப்பால் மறையும் செல்வத்திற்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். பிள்ளைக்கு விளையாட்டு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். விளையாட்டிற்கு வாங்கித் தரும் நாளில், பிள்ளையோடு சேர்ந்து விளையாட ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குவோம். அந்த நேரத்தை எந்த நிறுவனமும் திரும்பப் பெற்றுக்கொள்ள இயலாது.