கார் குளிக்கும் தொட்டிக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

புத்தம்புதுக் கார் ஒன்றின் கதவுக்கு உள்பக்கம், தரைச்சட்டத்தின் குழல்களுக்குள், எந்த ஸ்ப்ரே கன்னும் எட்டாத மூலைமுடுக்கில்கூடப் பெயின்ட் படிந்திருக்கும். அதை அங்கே கொண்டுபோய் ஒட்டவைப்பது மின்சாரம் என்று தெரியுமா? பெயின்ட் படாத இரும்பு உடலை அப்படியே தூக்கிச் சில லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டியில் முக்குகிறார்கள். 200 முதல் 400 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் பாய்கிறது. இரண்டு, மூன்று நிமிடம்தான்! வெளியே வரும்போது உள்ளும் புறமும் சுமார் 20 மைக்ரான் கனத்தில் ஒரு தோல் போர்த்தியிருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவு மெல்லியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் ‘சி.இ.டி. கோட்டிங்’ என்பது இதைத்தான்.

அந்தத் தோலின் உயிர் எப்பாக்சி ரெசின். அது பிறந்த கதை தெரியுமா? 1930-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான் பல்செட் செய்ய ஏற்ற பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்த பிசின் குடும்பம்தான் இன்று கோடிக்கணக்கான வண்டிகளைத் துருவிலிருந்து காக்கிறது!

ஆனால் ஒரு பெரிய சிக்கல். எப்பாக்சி தண்ணீரில் கரையாது. தொட்டியிலோ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பிறகு எப்படி? வேதியியலாளர்கள் கை வைத்த இடம் எது தெரியுமா? எப்பாக்சி மூலக்கூறின் இரு நுனிகளிலும் ஒரு குட்டி வளையம் உண்டு. இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் நெருக்கியடித்து நிற்கும் முக்கோணம் அது. அந்த நெருக்கத்தால் எப்போது உடையலாம் என்று காத்திருக்கிறது. அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் ஒன்றைக் காட்டினால் போதும், வளையம் திறந்து அமீன் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து ஒரு மென்மையான அமிலம் சேர்த்ததும் அமீன் நேர்மின்னூட்டம் பெறும். அவ்வளவுதான், தண்ணீரை அண்டவே அண்டாத பிசின் பால்போலத் தண்ணீரில் பரவி நிற்கிறது!

அமிலம் என்றால் என்னென்ன? வினிகரில் இருக்கும் அசிட்டிக், தயிரில் இருக்கும் லாக்டிக், எறும்புக்கடியில் இருக்கும் ஃபார்மிக், இவைதான். கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைக்க ஊற்றுவதும் இதே ஃபார்மிக் அமிலம்தான். அங்கே அமிலம் பாலைத் திரளவைக்கிறது, இங்கே பிசினைத் திரளவிடாமல் தண்ணீரில் தாங்கி நிற்கிறது!

இனிதான் உண்மையான அதிசயம். கார் உடலை எதிர்மின்வாயாக இணைத்து மின்சாரம் விட்டதும் இரும்பின் மேற்பரப்பில் தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் குமிழியிடுகிறது, ஹைட்ராக்சில் அயனிகள் குவிகின்றன. தொட்டி முழுவதும் லேசான அமிலத்தன்மை. ஆனால் இரும்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் பி.எச். 12 வரை எகிறும்! நேர்மின்னூட்டத்தால் இழுபட்டு வரும் பிசின் அந்தக் காரத்தைத் தொட்டதும் தன் மின்னூட்டத்தை இழக்கிறது. மின்னூட்டம் போனால் தண்ணீரில் நிற்க வழியில்லை. வந்த இடத்திலேயே படிந்துவிடும்.

அதோடு நின்றதா? படிந்த படலம் மின்சாரத்தைத் தடுக்கும். அதனால் மின்சாரம் இன்னும் பெயின்ட் படாத இடத்தைத் தேடி ஓடுகிறது. வெளிப்புறம் மூடியதும் உள்ளறைகளுக்குள், உள்ளறை மூடியதும் அதற்கும் உள்ளே. யாரும் வழிகாட்டவில்லை, எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. விடுபட்ட இடத்தை மின்சாரமே கண்டுபிடித்து நிரப்புகிறது! தொழில்நுட்ப உலகில் இதற்கு நிகரான அழகு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

தொட்டியிலிருந்து எழும்போதே அந்தப் படலத்தில் தண்ணீர் சொற்பம்தான் என்பது தெரியுமா? மின்புலமே அதைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. மின்சாரம் துகள்களை ஒரு பக்கமும் தண்ணீரை மறுபக்கமும் நகர்த்தும் என்று மாஸ்கோவில் ரியூஸ் என்ற பேராசிரியர் ஈரக் களிமண்ணை வைத்துக் கண்டது 1807-ல்!

படலம் படிந்த உடல் பிறகு 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளையில் இருபது நிமிடம் போல வேகும். பிசினை இறுக்கிக் கட்டும் ஐசோசயனேட் தண்ணீர் பட்டாலே வினைபுரிந்து வீணாகிவிடும். அதைத் தண்ணீர்த் தொட்டியிலேயே எப்படி வைத்திருக்கிறார்கள்? அதன் நுனிகளை ஆல்கஹால் போன்ற மூலக்கூறுகளால் அடைத்துவிடுகிறார்கள். சூளையின் வெப்பத்தில் அடைப்பு கழன்றதும் அது எப்பாக்சியின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு யூரித்தேன் பிணைப்புப் போட்டு வலையாகிவிடும். அந்தத் தொகுதிகளில் சில எங்கிருந்து வந்தவை தெரியுமா? முதலில் அமீன் வந்து வளையம் திறந்தபோது மிச்சமான ஆக்சிஜன்தான்! வெறும் எப்பாக்சி நொறுங்கும் குணமுள்ளது. அதனால் சங்கிலியின் நடுவே பாலிகாப்ரோலாக்டோன் போன்ற வளையும் துண்டுகளையும் கோத்துவிடுகிறார்கள்.

1960-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் ப்ரூவர் இந்த முறையைக் கார் தொழிலுக்குக் கொண்டுவந்தபோது எல்லாமே தலைகீழாக இருந்தது தெரியுமா? கார் உடல் நேர்மின்வாய், பிசின் எதிர்மின்னூட்டம். நேர்மின்வாயில் இரும்பு கரைந்து படலத்துக்குள்ளேயே கலந்தது. துருவைத் தடுக்க வந்த முறையே இரும்பை அரித்தது! பி.பி.ஜி. நிறுவனத்தின் ராபர்ட் ஜெராபெக் முதலானோர் உருவாக்கிய அமீன்-எப்பாக்சி பிசின்கள் மின்வாயை மாற்றிப்போட வழி திறந்தன. 1976-ல் அது கார்களுக்கு வந்தது. பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவும் அமெரிக்காவில் சில ஆண்டுகளிலேயே உடல் ஓட்டையாகும் கார்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

இந்த முறையில் பெயின்டில் 95 சதவீதத்துக்கு மேல் இரும்பிலேயே சேர்ந்துவிடுகிறது. தொட்டியிலிருந்து எடுத்த உடலைக் கழுவும் தண்ணீரைக்கூட நுண்சவ்வில் வடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், வழிந்த பெயின்ட் தொட்டிக்கே போய்ச்சேரும்.

இவ்வளவு வலிமையான எப்பாக்சிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் பொடிந்துவிடும். அதனால்தான் மேலே வண்ணப் பூச்சும் பளபளப்புப் பூச்சும் போடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. கூரையின் அடிப்பக்கம் காற்று சிக்கிக்கொண்டால் அங்கே பெயின்ட் பிடிக்காது. இதற்கு ஜெர்மனியின் டூர் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ‘ரோடிப்’ என்ற அமைப்பில் முழுக் கார் உடலும் தொட்டிக்குள் குட்டிக்கரணம் போடுகிறது! சிக்கிய காற்று வெளியேறிவிடும். சரிந்து இறங்கவும் ஏறவும் இடம் விடவேண்டியதில்லை என்பதால் தொட்டியின் நீளமும் குறைந்துவிட்டது.