சைலீனும் கிள்ளான் வெயிலும்

1992 ஜூன் 20 அன்று கிள்ளான் தென் துறைமுகத்தில் சூன் ஹோங் 3 என்ற கப்பல் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதில் இருந்த சரக்கு சைலீன். பெயிண்டிலும் டின்னரிலும் கலக்கும் கரைப்பான்தான்.

இன்றுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்போது நம் மலேசியாவில் இல்லை. அது 1994-இல் வந்தது. ரசாயன டிரம்களுக்கு லேபிள் ஒட்டும் விதிமுறை 1997-இல் வந்தது. அதற்கு முன் பல பட்டறைகளில் மூக்குதான் கருவி. நெடி ஏறினால் சன்னலைத் திறப்பார்கள்.

இன்று தீப்பற்றும் ஆபத்தை அளந்து சொல்கிறார்கள். மூடிய சிறு கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி மெல்லச் சூடேற்றி, இடையிடையே சின்னச் சுடரைக் காட்டுவார்கள். மேலே திரண்ட ஆவி குப்பென்று பற்றி அணையும் வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயிண்ட். எரிவது திரவமல்ல, அதன் ஆவி. ரசாயனங்களை வகைப்படுத்த 2013-இல் வந்த 'கிளாஸ்' விதிமுறை இந்த எண்ணை வைத்துத் தீப்பற்றும் திரவங்களைத் தரம் பிரிக்கிறது. ஃபிளாஷ் பாயிண்ட் 23 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்து, 35 பாகைக்குள் கொதிக்கத் தொடங்கினால் முதல் பிரிவு: ஈதர். அதற்கு மேல் கொதித்தால் இரண்டாம் பிரிவு: அசிட்டோன். 23 முதல் 60 வரை மூன்றாம் பிரிவு. சைலீன் ஏறக்குறைய 27; ஆகவே மூன்றாம் பிரிவு.

என் கவலை இந்த மூன்றாம் பிரிவைப் பற்றியது. 1879-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பெட்ரோலியத்துக்கு வகுத்த எல்லை 73 பாகை ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட இதே 23. குளிர்நாட்டு அறைக்கு அது பொருந்தும். அங்கே 20 பாகையில் நிற்கும் சைலீன், பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடாது. கிள்ளானில் பிற்பகல் வெயில் 32, 33. தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். இங்கே பிற்பகலில் திறந்து வைத்த சைலீன் டிரம் பற்றத் தயாராகவே நிற்கிறது. ஆனால் தீப்பற்றும் தன்மைக்காக லேபிள் சொல்வது 'அமாரான்' (எச்சரிக்கை) மட்டுமே. முதலிரண்டு பிரிவுகளுக்குத்தான் 'பஹாயா' (ஆபத்து). அளவீட்டில் பிழையில்லை. மூன்றாவது என்றதும் ஆபத்து குறைவு என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் பிழை.

அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. தரையோடு தவழ்ந்து, வடிகாலில் இறங்கி, தொலைவில் உள்ள சுவிட்சைத் தேடிப் போகும். ஊற்றும்போது உருவாகும் நிலைமின்சாரமே ஒரு பொறிக்குப் போதும். டிரம்மையும் வாளியையும் செம்புக் கம்பியால் இணைத்து நிலத்தோடு தொடுப்பது அதைத் தடுக்கத்தான்.

லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் மட்டும் படித்த மூத்த தொழிலாளிக்கும், இன்று அந்த வேலையைச் செய்யும் வங்காளதேசிக்கும் நேப்பாளிக்கும் சிவப்பு விளிம்புச் சாய்சதுரத்துத் தீச்சுடர்ப் படம் மட்டுமே பேசுகிறது. ஃபிளாஷ் பாயிண்ட் எண்ணோ பாதுகாப்புத் தரவுத் தாளின் ஒன்பதாம் பகுதியில், அலுவலகக் கோப்புக்குள் கிடக்கிறது. அதைக் கிடங்குச் சுவரில் பெரிதாக எழுதி, பக்கத்திலேயே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட வேண்டும். இரண்டு எண்களை ஒப்பிட எந்த மொழியும் வேண்டாம்.