அரமா, கரண்ட் சாணையா?

செயின் ரம்பம் மழுங்கினால் பழி முதலில் என்ஜின் மேல்தான் விழும். "அண்ணே, மெஷினுக்கு இழுவையே இல்லை, கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பாருங்க" என்றுதான் வருவார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் பம்புசெட், ஸ்பிரேயர், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் பழுது பார்க்கிற பட்டறை என்னுடையது. ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: "அறுக்கும்போது சீவலா விழுதா, மாவா விழுதா தம்பி?" மாவு என்று பதில் வந்தால் கார்ப்பரேட்டர் பிழைத்தது. குறை செயினில்.

அடுத்து அவர்கள் கேட்பது, "அப்ப சாணை மெஷின்ல கொடுத்துடலாமா, அரம் போட்டாப் போதுமா?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. செயினின் பல் எப்படி அறுக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் பிடிபடும்.

கை ரம்பத்தின் பல் மரத்தைக் கீறிக் கீறி உள்ளே போகும். செயின் பல் அப்படியில்லை, அது தச்சரின் இழைப்புளி மாதிரி. பல்லின் மேல்தகடு அடியில் ஓடி மரத்தைச் சீவி எடுக்கும். பக்கத்தகடு நாரை வெட்டிவிடும். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு முட்டு நிற்கிறதே, அதுதான் ஒரு சீவலில் எவ்வளவு கனம் எடுக்கலாம் என்று நிர்ணயிப்பது. நம் பக்கம் அதிகம் புழங்கும் செயின்களில் அந்த முட்டு, பல்லின் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு முறை பல்லை அராவினால் பல் தாழ்ந்துவிடும், முட்டு மட்டும் அப்படியே நிற்கும். அப்போது பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தொடாது. "புதுசா சாணை பிடிச்சேன், அப்பவும் அறுக்கலை" என்கிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இந்த முட்டுதான். தட்டை அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அதற்காக ஆவேசமாக ராவிவிடவும் கூடாது. முட்டு அளவுக்கு மேல் தாழ்ந்தால் பல் மரத்தை வெறியோடு கவ்வும், மெஷின் முகத்தை நோக்கி எகிறும்.

இந்தப் பல்லின் வடிவம் வந்த கதை சுவாரஸ்யமானது. முன்பு செயின் ரம்பங்களின் பற்களும் கை ரம்பத்தின் பற்கள் போலத்தான் இருந்தன. அவற்றைத் தீட்டித் தீட்டியே மரம் வெட்டுகிறவர்களுக்குப் பொழுது போனது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாகக் குடைந்து போவதைக் கவனித்தார். அதன் தாடையைப் பார்த்து, வளைந்த பற்களை இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்த செயினை வடிவமைத்தார். 1947இல் போர்ட்லண்டில் கம்பெனி தொடங்கினார். இன்று நாம் வாங்கும் செயின்கள் அநேகமாக எல்லாமே அந்தப் புழுவின் வாரிசுகள். வளைந்த பல் என்பதால்தான் அதைத் தீட்ட உருண்டை அரம் ஒன்றே போதுமென்று ஆயிற்று.

அரத்தின் பருமன் செயினுக்குச் செயின் வேறுபடும். 0.325 அங்குல பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த பல் செயினுக்கு 4 மில்லிமீட்டர். கைக்குக் கிடைத்ததைப் போட்டால் கெட்டது. ஒல்லி அரம் பல்லைக் கொக்கி மாதிரி குடைந்துவிடும், நுனி மெலிந்து ஒரே மரத்தில் மழுங்கும். தடி அரம் நுனியைப் பின்னால் சாய்த்துவிடும், பல் மரத்தில் ஏறாது.

அரம் போடுவது கைவராத வேலை இல்லை. செயின் ஓடுகிற பட்டையான பாரை வைஸில் இறுக்குங்கள். மேல்தகட்டில் பல கம்பெனிகள் ஒரு சாய்கோடு போட்டே கொடுக்கின்றன, அரத்தை அதற்கு இணையாக, சுமார் 30 டிகிரியில் பிடியுங்கள். அரத்தின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு மேல்தகட்டுக்கு வெளியே தெரியட்டும். உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், திரும்பும்போது தூக்கிக்கொள்ளுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். பல்லின் வெளிப்புறத்தில் மெல்லிய குரோம் பூச்சு இருக்கிறது. கூர் தாங்குவதே அந்தக் குரோம்தான். வெளியிலிருந்து உள்ளே ராவினால் அரம்தான் தேயும். முதலில் ஒரு பக்கப் பல் எல்லாம், பிறகு திரும்பி மறுபக்கம். 72 கண்ணி செயினில் 36 பல், பக்கத்துக்குப் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் தானாகவே பலமாக விழும். அதனால் ஒரு பக்கப் பல் குட்டையாகி, வெட்டு நேரே இறங்காமல் பிறை மாதிரி வளைந்து போகும்.

இந்த இடத்தில்தான் கரண்ட் சாணைக்கு மதிப்பு. மேஜையில் பூட்டிய சாணையில் கோணத்தை ஒருமுறை திருகி வைத்துவிட்டால் முப்பத்தாறு பல்லும் ஒரே கோணம், ஒரே நீளம். ஆணியிலோ கல்லிலோ இடித்துக் குரோம் பெயர்ந்த செயினை அரத்தால் மீட்பது பெரும்பாடு. பெயர்ந்த இடம் முழுதும் போகும்வரை ஒவ்வொரு பல்லையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். ரோட்டோரப் புளியமரத்தை அறுத்தவர்களைக் கேளுங்கள். எவனோ விளம்பரத் தட்டி மாட்ட அடித்த ஆணி பட்டைக்குள் புதைந்து கிடக்கும். அந்தச் செயினை நான் யோசிக்காமல் சாணையில்தான் வைப்பேன்.

ஆனால் சாணைக்கல் நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் சுற்றுகிறது, பல்லின் நுனியோ நகத்தைவிடச் சின்னது. கல்லை ஒரே அழுத்தாக ஓரிரு விநாடி வைத்தால் போதும், நுனி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போயிற்று. சில பல் இளகிவிடும், அறுக்க ஆரம்பித்ததுமே மழுங்கும். சில பல் சூடேறிச் சட்டென்று ஆறுவதால் கண்ணாடியாக இறுகிப்போகும், அப்புறம் அரத்தை வைத்தால் வழுக்கும், பிடிக்காது. "செயின் நல்லா நீலமா மின்னுது பாருங்கண்ணே" என்று ஒரு பையன் பெருமையோடு கொண்டுவந்து காட்டினான். அவனிடம் என்ன சொல்வது?

வயதான மரவெட்டிகள் சிலர் "சாணையில வச்சா செயின் செத்துப் போகும்" என்று அடித்துச் சொல்வார்கள். அதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். சாகடிப்பது அவசரம். கல்லைத் தொட்டுத் தொட்டு எடுத்து, இடையிடையே ஆறவிட்டு, மயிரிழை மயிரிழையாக எடுக்கிற கைக்குச் சாணை அடங்கும். கூலிக்குச் சாணை பிடிக்கிற இடத்தில் வரிசையாகப் பத்து செயின் தொங்கும்போது அந்தப் பொறுமை எங்கே இருக்கும்? ஒரே போடாக ஒரு மில்லிமீட்டர் எடுத்துவிடுகிறார்கள். பார்க்கப் பளபளவென்றிருக்கும். செயினின் ஆயுளில் கணிசமான பங்கு அந்தப் பளபளப்போடு போய்விட்டது.

எங்கள் பகுதியில் இந்த விவாதத்துக்கு ஒரு பதில் கிடைத்தது 2018 நவம்பரில். 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மெஷினோடு ஆட்கள் வந்தார்கள். தென்னையைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. நடு பஞ்சு மாதிரி இருக்கும், வெளிவட்டமோ கூரைத் தின்னும். தென்னை வகை மரங்களின் நாரிலேயே மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது. போதாததற்கு மரம் விழுந்து கிடப்பது மண்ணில். பார் நுனி ஒரு தடவை மணலைத் தொட்டால் அந்தச் செயின் அத்தோடு சரி. காலையில் போட்ட கூர் டீக்குக் கூடத் தாங்கவில்லை. அப்போது கரண்ட் ஏது? கம்பங்களும் மரங்களோடு சாய்ந்து கிடந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்காயிற்று. சாணை மெஷின் வைத்திருந்தவர்கள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தார்கள். இடுப்பில் அரம் செருகியிருந்தவர்கள் விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து ராவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள்.

ஆகவே என் கணக்கு இதுதான். தினமும் மரம் அறுக்கிறவருக்கு அரம், அதுவும் மழுங்கிய பிறகு அல்ல, மழுங்கத் தொடங்கும்போதே. அப்படிச் செய்தால் இரண்டு மூன்று தள்ளலில் வேலை முடியும், பல்லும் தேயாது. செயின் அடிபட்டாலோ இரண்டு பக்கப் பல்லும் ஏறுமாறானாலோ நிதானமான கையிடம் சாணைக்குக் கொடுங்கள். தோப்பில் எப்போதாவது மட்டை, கிளை வெட்டுகிறவர் சாணை மெஷின் வாங்குவது வீண் செலவு. பத்து மெஷின் வைத்து ஆள் விட்டு அறுக்கிறவர் வாங்கலாம், ஆனால் அதை இயக்க ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மெஷினே இல்லாத, ஆள் வைத்து மரம் அறுக்கிற தோப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் தீர்ந்து டேங்க் நிரப்பும்போது அறுக்கிறவர் குந்தி உட்கார்ந்து செயினுக்கு அரம் போடுவார். "மணிக்கணக்குல கூலி ஓடுது, இவர் உட்கார்ந்துட்டாரே" என்று முணுமுணுக்காதீர்கள். மழுங்கிய செயினோடு மல்லுக்கட்டினால் உங்கள் பெட்ரோலும் போகும், அழுத்தி அறுக்கிற அவர் கைக்கும் காலுக்கும் ஆபத்து. அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்தே கூலி கொடுங்கள்.