மீண்டு வந்த பின் – 6: சொல்லக்கூடாத பயம்

சென்ற வாரம் உடம்பின் அசதியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, 'அசதிகூடப் பரவாயில்லை, மனசுதான் நிலைகொள்ள மாட்டேங்குது' என்று சொன்னவர்கள் பலர். கீமோவைத் தாங்கினோம், ஆபரேஷனைத் தாங்கினோம். இனி மூன்று மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு ஏன் உடைந்துபோகிறோம்?

மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்கு முன், கதிர் எங்கே பட வேண்டும் என்று தோலில் மையால் கோடு போடுவார்கள். சிகிச்சை முடிகிறவரை அது அழியக்கூடாது. சோப்புப் போடாமல், தேய்க்காமல், நம் ஊர் வியர்வையில் கரைந்துவிடாமல் அதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. கடைசி நாளன்று, 'இனிமே மை போனா பரவாயில்லைம்மா' என்று சொல்லி அனுப்பினார் நர்ஸ். வீட்டுக்கு வந்து குளியலறையில் நின்றவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மனம் வரவில்லை. கழுத்துக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கோடு, விலாவில் ஒரு கூட்டல் குறி. அவை இருக்கிறவரை யாரோ என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி இருந்தது.

சிகிச்சையின்போது உட்கார்ந்து பயப்பட நேரமே கிடைப்பதில்லை. ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அடுத்த கீமோ தேதி, காப்பீட்டுக் காகிதங்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். நோய்க்கு எதிராக ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் வெறும் காத்திருப்புதான் மிச்சம். கூடவே தங்கிச் சமைத்துப்போட்ட அக்கா ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். விசாரிக்க வரும் போன்கள் குறைகின்றன. தள்ளிப்போட்டிருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்து சேர்கிறது.

ஃபிட்ஸ்ஹூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே மார்புக்குள் புற்றுக்கட்டி வந்து மீண்டவர். 1985-ல் மருத்துவ இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை, புற்றுநோயிலிருந்து மீள்வதை மூன்று பருவங்களாகப் பிரித்தது. சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்று கண்காணிக்கும் காலம் இரண்டாவது பருவம். அதை ஆட்டிப்படைப்பது பயம் என்றார். இன்று நாம் படும் பாட்டை ஒரு மருத்துவரே பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். என் மனம் பலவீனமானது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் வீடுகளில் இந்தப் பயத்துக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 'மறுபடி வந்துட்டா?' என்று ஆரம்பித்தாலே, 'வாயைக் கழுவு, நல்ல வார்த்தை பேசு' என்பார் மாமியார். 'அதான் எல்லாம் சரியாயிடுச்சே, எதுக்கு நெகட்டிவா பேசறே?' என்பார் கணவர். இரண்டுமே பாசத்தில் வருபவை, எனக்குத் தெரியும். ஆனால் வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று அடக்கிய பயம் ராத்திரியில் வருகிறது. முதுகு வலித்தால் எலும்புக்குப் பரவிவிட்டதோ, இருமினால் நுரையீரலோ என்று பதறுகிறோம். கை தானாக அக்குளுக்குப் போய்த் தடவிப் பார்க்கிறது, ஒரு நாளைக்குப் பலமுறை. ரிவ்யூ தேதி நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்குவதில்லை.

பயத்தை அடியோடு ஒழிக்க முடியாது; அதன் பிடியைத் தளர்த்த முடியும். ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஐந்து அமர்வுகள் கொண்ட ஒரு மனநலப் பயிற்சியை உருவாக்கினார்கள். பயம் வரும்போது கவனத்தை விருப்பப்படி வேறிடத்துக்கு நகர்த்தப் பழகுவது, எந்த அறிகுறிக்கு உண்மையிலேயே பதற வேண்டும் என்று தெரிந்துகொள்வது, வாழ்க்கையில் எனக்கு எது முக்கியம் என்று யோசிப்பது ஆகியவை அதில் இருந்தன. 2017-ல் வெளிவந்த முடிவுகளின்படி, தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பயம் அதிகம் குறைந்திருந்தது.

அதில் இரண்டாவது விஷயத்தை நாமே செய்துகொள்ளலாம். அடுத்த ரிவ்யூவில், 'எது வந்தா உடனே வரணும், எதைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம்?' என்று டாக்டரிடம் கேட்டு, ஃபைலின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளில் தேடுவதற்குப் பதில் அந்தத் தாளைப் பாருங்கள். என் ஃபைலில் இன்றும் அது இருக்கிறது, ஓரம் கிழிந்து.

பயம் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் கட்டாயம் சிகிச்சை தேவை. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்க்கும்போது புற்றுநோய் மாத்திரைகளையும் காட்டுங்கள். டாமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு, பராக்ஸிடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைத்துவிடும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவியோ அம்மாவோ 'பயமா இருக்கு' என்றால், 'ஒண்ணும் ஆகாது' என்று உடனே மூடிவிடாதீர்கள். டிவியை நிறுத்திவிட்டு, 'என்ன தோணுது, சொல்லு' என்று பக்கத்தில் உட்காருங்கள். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ரிவ்யூ நாளன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றியும், அலுவலகத்தில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைப் பற்றியும் அடுத்த வாரம்.

(தொடரும்)