ஒரே பாதையில் கூட்ஸும் எக்ஸ்பிரஸும்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இணையம் இன்று ஆடம்பரப் பொருளன்று. ஊரிலிருக்கும் பெற்றோரின் முகத்தைக் காண்பது அதில்தான். பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்புவதும் அதில்தான். தமிழ்த் திரைப்படத்தைக் கண்டு களிப்பதும் அதில்தான். இவ்வளவையும் ஒரே இணைப்பின் தலையில் ஏற்றிவிட்டு, அது தள்ளாடும்பொழுது கம்பெனிக்காரனை வைவது நம்மவர் வழக்கம். கம்பெனியின்மேல் குற்றம் இருப்பதும் உண்டு. ஆயினும் பல வேளைகளில் கோளாறு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. விளம்பரத்தில் 40 எம்.பி.பி.எஸ். என்று காண்பது வினாடிக்கு 40 மெகாபிட். நாம் இறக்கும் கோப்பின் அளவோ பைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே அவ்விணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல் வாராது. 4 ஜி.பி. அளவுள்ள படம் இறங்க, வேறெவரும் தொடாதிருந்தாலும், 13 நிமிடத்துக்குக் குறையாது.

அந்நேரத்தில் மற்றவர் ஒரு சிறு பக்கத்தைத் திறக்கவும் ஏன் திணறவேண்டும்? டிக்கெட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து பிழைப்பவன் என்பதால் இதை என் தொழிலைக் கொண்டே விளக்குகிறேன். ஒருவர் நாற்பது பேருக்கு டிக்கெட்டு எடுக்க வந்து நிற்கிறார். அவர் பின்னே பிளாட்பாரம் டிக்கெட்டு ஒன்று மட்டும் வேண்டி ஒரு முதியவர். முதியவருக்கு ஆகவேண்டிய வேலை அரை நிமிடம். காத்திருப்பதோ கால் மணி. சாளரம் மெதுவாக வேலை செய்யவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது. இணையத்திலும் ரௌட்டர், மோடம் முதலிய கருவிகளுள் இத்தகைய வரிசை உண்டு. பெரிய கோப்பு அதனை நிரப்பிவிட்டால், உரையாடலின் சிறு துணுக்குகள் கடைசியில் போய் நிற்கின்றன.

நெரிசல் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 1986 அக்டோபர் நிகழ்ச்சி சான்று. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 400 கஜம். அவ்விடையே வினாடிக்கு 32,000 பிட்டாக ஓடிய செய்தி 40 பிட்டாகச் சுருங்கிற்று. வான் ஜேக்கப்சன் என்பவர் இதன் காரணத்தை ஆராய்ந்து, நெரிசல் கண்டால் அனுப்புகிறவரே வேகத்தைத் தணித்துக்கொள்ளும் முறையை 1988-ல் எழுதி வெளியிட்டார். இன்று நம் கணினிகள் பணிவதும் அதன் வழிவந்த முறைகளுக்கே.

இம்முறையில் ஒவ்வோர் இணைப்பும் ஏறத்தாழ ஒரு பங்கு பெறும். இங்கேதான் டவுன்லோடு மேனேஜர் என்னும் மென்பொருள்கள் சாமர்த்தியம் காட்டுகின்றன. ஒரு கோப்பைத் துண்டாக்கிப் பதினாறு இணைப்புகளில் இழுக்கின்றன. வரிசையில் தம் வீட்டார் பதினாறு பேரை நிறுத்திவைப்பதற்கு ஒப்பானது இது! அம்மென்பொருளில் இணைப்புகளை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். பாதியில் அறுந்ததைத் தொடர்ந்து இறக்கும் வசதிக்காக அதனை வைத்துக்கொள்வது நன்று.

இறக்குவதை மட்டும் கவனித்தால் போதாது. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் நிகழ்ந்தது: ஞாயிறுதோறும் மாலையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாட்டியம்மாள் வீடியோவில் பேசுவார். திடீரென நான்கு வாரமாகக் குரல் வெட்டி வெட்டி வந்தது. "ஆம் அம்மா" என்று மகன் சொல்வது அவருக்குக் காலந்தாழ்ந்தே எட்டும். தாம் பேசுவதைக் கேட்க மகனுக்குப் பொறுமையில்லை என்று எண்ணிய அம்மூதாட்டி, ஐந்தாம் வாரம் அழைக்கவேயில்லை. விசாரித்ததில், மருமகளின் கைப்பேசி திருமண வீடியோக்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் இணைப்பில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை; அந்தச் சிறு பாதை அடைபட்டுவிட்டது. காப்பு எடுக்கும் வேலையைப் பின்னிரவுக்கு மாற்றினார்கள். பாட்டியைச் சமாதானம் செய்யத்தான் நாள் பிடித்தது.

சிங்கிள் லைனில் எக்ஸ்பிரஸ் வரும்பொழுது கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்குகிறோமல்லவா? ரௌட்டரிலும் அதற்கு வழியுண்டு. கியூ.ஓ.எஸ். என்னும் பகுதி இருந்தால், மொத்த வேகத்தை அளந்தறிந்த அளவில் 85 அல்லது 90 விழுக்காட்டில் நிறுத்துங்கள். சிறிது இழப்பதாகத் தோன்றும். ஆனால் வரிசை வெளியாரின் கருவியில் தேங்காமல் நம் கைக்குள் இருக்கும். நல்ல ரௌட்டர் அவ்வரிசையைப் பிரித்து, சிறு துணுக்குகளை முன்னே விடும். அவ்வசதி இல்லாதோர் விண்டோஸ் அமைப்பில் அப்டேட் இறங்கும் வேகத்துக்கு வரம்பு கட்டலாம். ஸ்டீம் முதலிய விளையாட்டுச் செயலிகளிலும் அவ்வாறே.

பலன் தெரிய பாஸ்ட்.காம் பக்கத்தைத் திறந்து, பாதை ஓய்ந்திருக்கும்பொழுதும் நிரம்பியிருக்கும்பொழுதும் உள்ள தாமதத்தை ஒப்பிடுங்கள். 20 மில்லி வினாடி 30 ஆனால் கவலையில்லை. 400 ஆனால், நோய் நான் மேலே சொன்னதுதான்.

கைப்பேசித் தரவையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சொல். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்னும் திட்டத்தில், வாட்ஸ்அப் குழுக்களின் வீடியோக்கள் தாமே இறங்குவது பெருஞ்செலவு. அமைப்புகளுள் ஆட்டோ டவுன்லோடை நிறுத்திவிடுங்கள். அதே இடத்தில் அழைப்புகளுக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் தெரிவும் உண்டு. ஊருக்குப் பேசுமுன் அதனை இட்டுக்கொண்டால், அன்றைய அளவு தீரும் தறுவாயிலும் இன்னும் சற்று நேரம் பேசலாம்.