கண்ணால் ரத்தம் பீய்ச்சும் பல்லி!

நாய் ஒன்று பல்லியைக் கவ்வப் பாய்கிறது. பல்லி ஓடவில்லை. உடம்பை உப்ப வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. அடுத்த வினாடி, அதன் கண்ணில் இருந்து ரத்தம் பீறிட்டு நாயின் வாயில் விழுகிறது. நாய் தலையை உதறிக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறது!

இது கட்டுக்கதை அல்ல. வட அமெரிக்காவில் வாழும் "குட்டைக் கொம்புப் பல்லி"யின் தற்காப்பு வித்தை இது.

தேரை போன்ற உடம்பு

இந்தப் பல்லி கனடாவின் தென்பகுதியில் இருந்து மெக்சிகோ வரை காணப்படுகிறது. மழை குறைந்த மேட்டு நிலமும், புதர்க்காடும் இதன் வீடு. 10 ஆயிரம் அடி உயர மலைகளிலும் உண்டு.

நாலைந்து அங்குல நீளம்தான் இருக்கும். தலையின் பின்புறம் சிறு கொம்புகள் உண்டு. உடம்பு தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், "கொம்புத் தேரை" என்று அழைப்பவர்களும் உண்டு.

ரத்தம் எப்படி வருகிறது?

ஆபத்து வந்ததும், தலையில் இருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைப் பல்லி தடுத்துவிடுகிறது. கண்ணைச் சுற்றி ரத்தம் தேங்குகிறது. அழுத்தம் தாங்காமல் மெல்லிய குழாய்கள் வெடிக்கின்றன. ரத்தம் 3 அடி தூரம் வரை பாய்கிறது. அதன் சுவை நாய், நரி இனத்துக்கு ஆகாது.

பறவைகளிடம் இந்த வித்தை பலிக்காது. அப்போது மண் நிறமே அதற்குக் காவல். அசையாமல் படுத்தால் கல்லா, பல்லியா என்று தெரியாது.

முட்டை இடாத தாய்

பெரும்பாலான பல்லிகள் முட்டை இடும். இது குட்டி போடுகிறது. குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிப்பது கடினம். ஆகவே தாய் கருவை வயிற்றில் சுமந்து, வெயிலில் காய்ந்து சூடேற்றுகிறது. கோடையில் குட்டிகள் பிறக்கின்றன. பிறந்த நாளில் இருந்தே அவை தாமாகவே இரை தேட வேண்டும். கடும் குளிர் மாதங்களில் மண்ணுக்குள் புதைந்து உறங்கும்.

மனிதனால் வந்த வினை

இதன் முக்கிய உணவு எறும்பு. ஆசையோடு பிடித்து வீட்டில் வளர்ப்பவர்களால் அந்த உணவைப் போதிய அளவு கொடுக்க முடிவதில்லை. பல்லி மெலிந்து செத்துவிடுகிறது. புதர் நிலங்களை உழுவதாலும், பூச்சி மருந்தால் எறும்புகள் அழிவதாலும் இதன் வாழ்வுக்கு ஆபத்து வந்திருக்கிறது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 1993-ம் ஆண்டு இதைத் தன் மாநில ஊர்வனவாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது.

நாயை விரட்ட இதன் கண்ணில் ரத்தம் இருக்கிறது. மனிதனை விரட்ட எந்த ஆயுதமும் இல்லை. அவன் மனது வைத்தால்தான் இது பிழைக்கும்!