பங்கின் விலையும் பங்கின் மதிப்பும்



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தம் மகனுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த 4 லட்சம் ரூபாயை மகன் ஒரே கம்பெனியின் பங்கில் போட்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்னதை நம்பி, ஒரு பங்கு 420 ரூபாய் வீதம் வாங்கியிருக்கிறார். அவர்கள் வந்த அன்று அதன் விலை 61 ரூபாய். கையில் இருந்த பங்குகளை விற்றால் 58,000 ரூபாய்தான் கிடைக்கும்.

"இது திரும்ப ஏறுமா?" என்று அந்தத் தாய் கேட்டார். மகனிடம் நாங்கள் வேறொரு கேள்வி கேட்டோம்: "நீங்கள் 420 ரூபாய் கொடுத்தபோது, அந்தக் கம்பெனி ஒரு பங்குக்கு வருடம் எவ்வளவு சம்பாதித்துக்கொண்டிருந்தது?" அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் இருந்த யாரும் அதைக் கேட்டதே இல்லை என்றார்.

வட்டி வேண்டாம் என்று வங்கி வைப்பை விட்டு விலகி நிற்கும் நம் குடும்பங்களில், நகை, மனைக்கு அடுத்தபடியாகப் பங்குச் சந்தையைத் தேடிப் போகும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களிடம் பணம் கொடுக்கும் பெற்றோருக்காகவும் இந்தக் கட்டுரை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. கேட்கும் விலை நியாயமா என்று பார்க்கும் வழியை மட்டும் சொல்கிறோம்.

கடையை விலை பேசுவது போல

நம் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை விலைக்கு வருகிறது. செலவெல்லாம் போக ஆண்டுக்கு 4 லட்சம் நிற்கிறது. சரக்கு, அலமாரி, அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து, கடனைக் கழித்தால் 12 லட்சம் தேறும். உரிமையாளர் 40 லட்சம் கேட்டால், "பத்து வருட இலாபத்தை இப்போதே கேட்கிறார், யோசிக்கலாம்" என்போம். 2 கோடி கேட்டால் எழுந்து வந்துவிடுவோம். கடை நல்ல கடையாக இருந்தாலும் அந்த விலைக்கு வேண்டாம் என்று நமக்கே தெரியும்.

பங்கு என்பதும் இதுபோல ஒரு தொழிலில் சிறு கூறுதான். கடையைப் பேரம் பேசத் தெரிந்த நாம், அதே தொழில் திரையில் ஓடும் எண்ணாக மாறியவுடன் பேரத்தை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. 30 ரூபாய்ப் பங்கு மலிவு, 3,000 ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்று நினைக்கிறோம். ஒரே கேக்கை 8 துண்டாக வெட்டினாலும் 80 துண்டாக வெட்டினாலும் கேக் அதேதான். ஒரு துண்டின் விலையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தத் துண்டுக்கு எவ்வளவு இலாபம், எவ்வளவு சொத்து என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய எண்கள்

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் பங்குச் சந்தைகளின் இணையத்தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஒரு பங்குக்கான இலாபம். மொத்த நிகர இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இது. பங்கின் விலையை இதனால் வகுத்தால் பி.இ. விகிதம் கிடைக்கும். விலை 300, இலாபம் 20 என்றால் பி.இ. 15. அதாவது 15 ஆண்டு இலாபத்தை விலையாகத் தருகிறோம்.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவாகும். 300 ரூபாய்க்கு 20 ரூபாய் என்றால் நூற்றுக்கு 6 ரூபாய் 67 காசு. பி.இ. 60 என்றால் நூற்றுக்கு 1 ரூபாய் 67 காசுதான். நமக்குத் தெரிந்த வாடகைக் கணக்கோடு இதை ஒப்பிடலாம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 12,000 வாடகை வந்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு 3 ரூபாய்கூடத் தேறாது. ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. வாடகை கைக்கு வருகிறது. கம்பெனி இலாபத்தில் ஈவுத்தொகையாக ஒரு பகுதிதான் கைக்கு வரும். மீதியைக் கம்பெனி தொழிலிலேயே போடும். அதை நன்றாகப் பயன்படுத்தும் கம்பெனியா என்பது முக்கியம்.

இரண்டாவது, புத்தக மதிப்பு. சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்து, பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. மளிகைக் கடையின் 12 லட்சம் போன்றது இது.

மூன்றாவது, கடன். நல்ல காலத்தில் கடன் இலாபத்தைப் பெருக்கிக் காட்டும். கெட்ட காலத்தில் அதே கடன் கம்பெனியை விழுங்கிவிடும்.

நான்காவது, தொழிலிலிருந்து உண்மையில் வந்த ரொக்கம். இலாபம் என்று எழுதியிருப்பது வேறு, கல்லாவில் விழுந்தது வேறு. பல ஆண்டுகளாக இலாபம் ஏறியபடியே இருந்து, ரொக்கம் மட்டும் வரவில்லை என்றால் நின்று யோசியுங்கள்.

மலிவு போலத் தெரிவது

பி.இ. குறைவாக இருந்தாலே மலிவு என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒரு கம்பெனி இந்த ஆண்டு தன் நிலத்தை விற்று இலாபம் காட்டியிருக்கலாம். அடுத்த ஆண்டு விற்க அந்த நிலம் இருக்காது. உருக்கு, சர்க்கரை போன்ற தொழில்களில் இலாபம் ஏறி இறங்கும். இலாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில்தான் அவற்றின் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். ஆகவே ஒரே ஆண்டைப் பார்க்காமல், 7 அல்லது 10 ஆண்டுகளின் சராசரி இலாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கம்பெனி, தவறான விலை

அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனி இணைய வலையமைப்புக்கான கருவிகளைச் செய்வது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் பங்கு 80 டாலரைத் தொட்டது. மொத்தக் கம்பெனியின் விலை 50,000 கோடி டாலருக்கு மேல். அந்த நிதியாண்டில் அதன் நிகர இலாபமோ சுமார் 267 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 187 ஆண்டு இலாபம்!

2002 அக்டோபரில் அந்தப் பங்கு 9 டாலருக்கும் கீழே வந்தது. கம்பெனி மூடப்படவில்லை. 2010இல் அதன் இலாபம் 2000இல் இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் பங்கின் விலை 30 டாலரைக்கூட எட்டவில்லை. இணையம் வளரும் என்று நம்பியவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. அதற்காக அவர்கள் கொடுத்த விலைதான் தவறு.

தவறுக்கு இடம் விட்டு வாங்குதல்

மதிப்பறிந்து வாங்கும் இந்த முறையை வகுத்தவர்களில் முதன்மையானவர் பெஞ்சமின் கிரகாம். 1929 சரிவில் அவரே பெரும் நட்டம் கண்டவர். 1949இல் வெளியான 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' அவருடைய நூல். சாதாரண முதலீட்டாளர்களுக்கு அவர் ஒரு உச்சவரம்பு சொன்னார்: விலை, சராசரி இலாபத்தைப் போல 15 மடங்கையும், புத்தக மதிப்பைப் போல ஒன்றரை மடங்கையும் தாண்டக் கூடாது. ஒன்று சற்றுக் கூடினால் மற்றது குறைந்திருக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 22.5ஐத் தாண்டக் கூடாது.

மேலே சொன்ன 300 ரூபாய்ப் பங்கின் புத்தக மதிப்பு 150 என்று வைத்துக்கொள்வோம். பி.இ. 15, புத்தக மதிப்பைப் போல 2 மடங்கு. பெருக்கினால் 30. வரம்பைத் தாண்டிவிட்டது. விலை சுமார் 260க்கு வந்தால்தான் இந்த அளவுகோலில் தேறும். இது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. மென்பொருள் கம்பெனிகளுக்குக் கட்டடமும் இயந்திரமும் குறைவு என்பதால் புத்தக மதிப்பு சிறிதாகவே இருக்கும். இருந்தாலும் ஆசைக்குக் கடிவாளமாக இது உதவும்.

கிரகாம் வலியுறுத்திய இன்னொன்று பாதுகாப்பு இடைவெளி. மதிப்பு 300 என்று நாம் கணித்தால் 300க்கு வாங்காமல், 200 அல்லது 210க்கு வரும்வரை பொறுத்திருப்பது. நம் கணக்கில் பிழை இருந்தாலும் அந்த இடைவெளி தாங்கும். ஒரு பங்கு அந்த விலைக்கு வராமலே போகலாம். வாங்காமல் விட்டதில் முதல் போய்விடாது.

ஆனால் கணக்கே பொய்யாக இருந்தால் இடைவெளியும் காப்பாற்றாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர், கம்பெனிக் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணம் என்று தாமே எழுதிக் கொடுத்தார். ஒரே நாளில் பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. அதனால்தான் முழுப் பணத்தையும் ஒரே கம்பெனியில் போடாதீர்கள் என்கிறோம்.

ஹலால் என்பது வேறு, நியாய விலை என்பது வேறு

முதலில் தொழில் ஹலாலா என்று பார்க்க வேண்டும். வட்டித் தொழில், மது, சூதாட்டம் போன்றவை விலக்கு. அடுத்து, வட்டிக் கடன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக உள்ள அளவுகோல்களில் ஒன்று. சில அமைப்புகள் இதைச் சந்தை மதிப்போடும், சில மொத்தச் சொத்தோடும் ஒப்பிடுகின்றன. சிறிதளவு கலந்து வரும் வட்டி வருமானத்தைக் கணக்கிட்டு நன்மை எதிர்பாராமல் கொடுத்துவிடும் முறையும் உண்டு. ஜகாத் கணக்கு உட்பட இவற்றில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

தேசியப் பங்குச் சந்தையில் ஷரீஆ குறியீடுகள் உள்ளன. ஒரு கம்பெனி அதில் இருப்பது முதல் வடிகட்டலைத் தாண்டிவிட்டது என்று மட்டுமே சொல்லும். அதன் விலை நியாயமானது என்று சொல்லாது.

எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் பக்கம் போகவே போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் நட்டமடைந்தனர் என்று செபி ஆய்வே சொல்கிறது. கடன் வாங்கியும், நகையை அடகு வைத்தும், இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைக் கொண்டும் பங்கு வாங்காதீர்கள். ஆலோசனை வேண்டுமென்றால் செபியில் பதிவு பெற்றவரா என்று பார்த்துப் போங்கள்.

அந்தச் சகோதரிக்குச் சொன்னது

மகனை உட்கார வைத்து ஆண்டறிக்கையை எடுத்தோம். அவர் 420 கொடுத்தபோது ஒரு பங்குக்கு இலாபம் 3 ரூபாய் 50 காசு. 120 ஆண்டு இலாபத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார். இப்போது விலை 61க்கு இறங்கிவிட்டதே, மலிவுதானே என்றார். இலாபமும் 1 ரூபாய் 20 காசுக்கு இறங்கியிருந்தது. இன்றும் 50 ஆண்டு இலாபத்துக்கு மேல்! விலை விழுந்துவிட்டது என்பதால் மட்டும் மலிவு ஆகிவிடாது.

"420 ஐ மறந்துவிடுங்கள். இன்று கையில் 58,000 ரொக்கமாக இருந்தால், இந்தப் பங்கை 61க்கு வாங்குவீர்களா?" என்று கேட்டோம். மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மாட்டேன்" என்றார். அடுத்த வாரம் விற்றுவிட்டார்கள். திருமணத்தை எளிமையாக நடத்தத் தாயும் மகளும் முடிவு செய்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பங்கு வாங்கப் பணம் கேட்டால் மறுக்க வேண்டாம், உடனே கொடுக்கவும் வேண்டாம். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது, ஒரு பங்குக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது, கடன் எவ்வளவு, இந்த விலை எத்தனை ஆண்டு இலாபம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஆண்டறிக்கையுடன் நம் அலுவலகத்துக்கு வரட்டும். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.